ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்தி ஆன்லைனில் படிக்க வைக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் மகள் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஏறக்குறைய ஒரு வருடமாகக் காலையில் சீருடையைப் போட்டதும் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வருவதில்லை. இந்த நேரத்தில், வருடத்துக்கு 85,000 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தே பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்கலாம், ‘அங்கீகாரம் பெற்றது’ என்று ஓர் ஆன்லைன் பள்ளியின் விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தச் சான்றிதழ் செல்லுமா, நாளைக்கு நீட்டுக்கோ இன்ஜினியரிங்குக்கோ போக முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள், “நானும் கணவரும் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும், தனியாக இருந்தால் பிள்ளை கெட்டுப்போவாளோ” என்று ஒரு வரி. உங்கள் கேள்வியே அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. சான்றிதழ் பற்றித் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கஷ்டம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அப்புறம் பதினோரு வருடம் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஒரு ஸ்டடி சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், சேர்க்கை விண்ணப்பம், ஹால் டிக்கெட், மார்க் ஷீட் வேலையையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் மருத்துவனோ மனநல ஆலோசகனோ இல்லை. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ஆன்லைன் பள்ளி’ என்ற பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பாடம் நடத்துவது ஒன்று, தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது இன்னொன்று. பாடம் யார் வேண்டுமானாலும் நடத்தலாம், அதற்கு ஒரு ஜூம் கணக்கு போதும். சான்றிதழ் கொடுக்க ஒரு வாரியம் வேண்டும். விளம்பரத்தில் வரும் இத்தகைய பள்ளிகள் பலவற்றில் பிள்ளையைக் கடைசியில் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில்தான் பதிவு செய்கிறார்கள். அங்கே நீங்களே நேராகச் சேர்த்தால், ஐந்து பாடங்களுக்கான சேர்க்கைக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. மீதிப் பணம் டியூஷனுக்குப் போகிறது. அது தப்பில்லை, நல்ல டியூஷன் என்றால் கொடுக்கலாம். ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள். போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: “பத்தாவது மார்க் ஷீட்டில் எந்த வாரியத்தின் பெயர் இருக்கும்?” பதில் சுற்றி வளைத்து வந்தால் போனை வைத்துவிடுங்கள். பெயர் சொன்னால், அது கோப்ஸே எனப்படும் பள்ளி வாரியங்கள் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்கு அரசாங்கப் பெயர் மாதிரியே ஒலிக்கும் போலி வாரியங்கள் நாட்டில் நிறைய. ‘அமெரிக்க டிப்ளோமா’ என்று சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. வெளிநாட்டுச் சான்றிதழ் இங்குள்ள எந்தப் படிப்புக்குச் சமம் என்று சமநிலை சொல்வது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, விற்கிறவர்கள் கிடையாது. சி.பி.எஸ்.இ.யைப் பொறுத்தவரை 75 சதவீத வருகைப்பதிவு கேட்கிற வாரியம் அது. வீட்டிலிருந்தே சி.பி.எஸ்.இ. என்று யாராவது சொன்னால் ஏதாவது ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பொய் எழுதப்படுகிறது என்று அர்த்தம்.

என்.ஐ.ஓ.எஸ். அப்படிப்பட்டதில்லை. 1979-இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாக ஆரம்பித்து, 1989-இல் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று தனி அமைப்பாகி, 2002-இல் இன்றைய பெயருக்கு மாறியது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது, தலைமையிடம் நொய்டா, சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது. பத்தாவதில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாவது சான்றிதழ் இருந்தால் போதும், நானே படித்துத் தயாராக இருக்கிறேன் என்ற சுய உறுதிமொழியும் செல்லும். குறைந்தது ஒரு மொழியோடு ஐந்து பாடங்கள். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஒரு முறை சேர்ந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, இரண்டை அக்டோபரிலும் மூன்றை ஏப்ரலிலும் எழுதலாம். பரீட்சை என்றாலே நடுங்குகிற பிள்ளைகளிடம் நான் பார்த்தவரை, என்.ஐ.ஓ.எஸ்.ஸின் உண்மையான வரம் இதுதான். ஆன்லைன் வசதியெல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பலரை ஏமாற்றுகிறது. திறந்தநிலைப் பள்ளி என்பது 2020-இல் கொரோனா நேரத்தில் பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த மாதிரி வகுப்பு இல்லை. அடிப்படையில் அது புத்தகத்தை வைத்துத் தானே படிப்பது. புத்தகங்களை அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வீடியோப் பாடங்களும் மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் தளத்தில் இருக்கின்றன. ஸ்டடி சென்டரில் பிசிபி என்ற பெயரில் சில நாட்கள் நேரடி வகுப்பு நடக்கும். சில சென்டர்களில் ஒழுங்காக நடக்கும், சிலவற்றில் பெயருக்குத்தான். டிஎம்ஏ என்று வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்க வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 20 சதவீதம் பங்கு. அந்த டிஎம்ஏவைக் கடைசித் தேதி வரை தள்ளிப்போட்டுவிட்டு அழுத பிள்ளைகளையும், பிள்ளைக்காகத் தானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்த அம்மாக்களையும் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீட். இதில் பழைய தகவலும் புதிய தகவலும் கலந்து கிடப்பதால் பலர் இன்னும் ‘முடியாது’ என்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி, திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவர்களைத் தடுத்தது. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2023-இல், அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் அவர்களுக்கும் தகுதி உண்டு என்று ஏற்றுக்கொண்டது, 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்து பிராக்டிகலோடு முடித்தால் நீட் எழுதலாம். ஐஐடி போன்ற கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. நுழைவுத்தேர்வுக்கும் ஐந்து பாடங்களோடு முடித்த என்.ஐ.ஓ.எஸ். மாணவர்கள் தகுதி உடையவர்கள்தான். ஆனால் தேர்வு எழுதலாம் என்பது வேறு, மார்க் எடுக்கலாம் என்பது வேறு. நீட் கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தை ஒட்டி வருகின்றன, என்.ஐ.ஓ.எஸ். புத்தகம் வேறு மாதிரி. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது என்பதால் நிலைமை வேறு. கட் ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. நூற்றுக்கு நூறு எடுத்து வருகிற மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உங்கள் மகளும் நிற்க வேண்டும். என் மாணவர்களில் கணிதத்தில் 90 தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரி என்றே மனதில் கோட்டை கட்டியிருந்தால், இந்த வழி அதற்குச் சுற்றுவழி. நல்ல கல்லூரி ஏதாவது ஒன்றில் விருப்பப்பட்ட படிப்பு என்றால் பிரச்சினை இல்லை. இடையில் ஒரு வார்த்தை, அரசுப் பள்ளிப் பிள்ளையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு நடுவில் வெளியே வந்தால் போய்விடும். அதை இழந்துவிட்டு வருவதற்கு மிகப் பெரிய காரணம் இருக்க வேண்டும். மாநில அரசு வேலைக்கான சமநிலை விஷயமும் அரசாணைகளைப் பொறுத்து மாறக்கூடியது. அந்த எண்ணம் இருப்பவர்கள், நான் சொன்னேன் என்றோ யூடியூபில் பார்த்தேன் என்றோ போகாமல், அந்தந்தத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.

பாடம் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பத்தாவதில் கணக்கும் அறிவியலும் இல்லாமலேயே ஐந்து பாடம் எடுத்துத் தேற முடியும். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி, உளவியல் என்று பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கணக்கில் பயந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தோம். சுலபமாகத் தேறினான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துப் பாலிடெக்னிக் வாசலில் நின்று எனக்குப் போன் செய்தான், “சார், பத்தாவதில் கணக்கு கேட்கிறார்கள்.” விண்ணப்பத்தில் பாடங்களை நிரப்பியது நான். அன்றிலிருந்து, பிள்ளைக்கு எவ்வளவு பயம் இருந்தாலும் கணக்கையும் அறிவியலையும் விட வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறேன். இரண்டு தடவை எழுதித் தேறினாலும் பரவாயில்லை. ஐஐடி மெட்ராஸ் நடத்துகிற ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்குக்கூடப் பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும்.

சரி, அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்துவதில்லை. காலையில் எழுப்புகிறது, குளிக்க வைக்கிறது, ஒன்பதரைக்கு ஓரிடத்தில் உட்கார வைக்கிறது, பிடிக்காத பாடத்துக்கும் புத்தகத்தைத் திறக்க வைக்கிறது, மத்தியானம் நாலு பேரோடு சாப்பிட வைக்கிறது. இதையெல்லாம் செய்வது ஒரு மணியும் ஒரு கூட்டமும். பள்ளியை விட்டு நிற்கும்போது பாடத்துக்கு மாற்று சுலபமாகக் கிடைத்துவிடும். அந்த மணிக்கு மாற்று யார் என்பதைத்தான் பெற்றோர்கள் யோசிப்பதில்லை.

என்னிடம் வந்த இரண்டு பிள்ளைகளைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. ஒரு பெண்ணுக்குத் தனி அறை, ஏசி, லேப்டாப், வேகமான இணையம், மூன்று பாடத்துக்கு ஆன்லைன் டியூஷன் எல்லாம் இருந்தன. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாவது மாதத்தில் அவள் எழுந்திருக்கும் நேரம் பதினொன்று ஆகிவிட்டது. கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் ‘இருந்தாள்’. அக்டோபரில் எழுத வேண்டியது ஏப்ரலுக்குப் போனது, ஏப்ரல் அடுத்த அக்டோபருக்குப் போனது. ஒன்பது வாய்ப்பு என்பது இப்படிப்பட்ட பிள்ளைக்கு வரமில்லை, சாபம். இன்னொரு பையனின் அம்மா தையல் கடை வைத்திருந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டேபிளைப் போட்டு, கடை திறக்கும்போது அவனும் உட்கார வேண்டும், மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடை மூடும்போது அவனும் மூடலாம் என்று வைத்தார். அவருக்குக் கணக்கு தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை என்னிடம் வருவான். ஒரே வருடத்தில் ஐந்தும் தேறினான், அப்புறம் பக்கத்து ஊரில் சாதாரணப் பள்ளி ஒன்றில் பதினொன்றாவது சேர்ந்தான். அதுவும் ஒரு வழி என்பதை மறக்காதீர்கள். பத்தாவதை இப்படி முடித்துவிட்டுப் பதினொன்றில் வழக்கமான பள்ளிக்குத் திரும்பலாம். சில பள்ளிகள் முகம் சுளிக்கும், நாலு இடத்தில் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த விஷயம் பேச வருகிற பெற்றோர்களில் பாதிப் பேர் செஸ் வீரர் குகேஷை உதாரணம் காட்டுவார்கள். நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகாதவர், 18 வயதில் உலக சாம்பியன். உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா, காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர், தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்துவிட்டு மகனோடு போட்டிகளுக்குப் போனார். கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். எல்லோரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பகலில் வீட்டில் இருக்கிற ஒரு பாட்டியோ சித்தியோ போதும். அல்லது தினமும் பகலில் போய் உட்கார்ந்து படிக்க நூலகமோ ஒரு நல்ல ஸ்டடி சென்டரோ போதும். ஆனால் யாரோ, எங்கோ, தினமும் ஒரே நேரத்தில் என்பது இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் காலை எட்டரையிலிருந்து மாலை ஏழு வரை யாரும் இல்லை என்றால், இப்போதைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

வயிற்றுவலி பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு வராத வலி என்றால் அவள் நடிக்கிறாள் என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அந்த வலி நிஜமாகவே வரும். நான் பார்த்த அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருத்திக்குக் கண் பார்வைக் குறை, போர்டு தெரியாமல் பயந்திருந்தாள். ஒருவனை வேனில் பெரிய பையன்கள் தினமும் சீண்டியிருக்கிறார்கள். இன்னொருத்தி விஷயத்தில் ஓர் ஆசிரியர்தான் காரணம், அது தெரிய எட்டு மாதமானது. முதல் இரண்டுக்கும் பள்ளியை விட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவதில் அந்தப் பள்ளியை உடனே விட வேண்டும், அதோடு விடவும் கூடாது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்ய வேண்டும். மூன்றுக்கும் வெளியே தெரிந்தது ஒரே வயிற்றுவலிதான். காரணம் தெரியாமல் பள்ளியை மாற்றினால் வலி நிற்கலாம், காரணம் நிற்காது. ஒரு குழந்தை நல மருத்துவரிடமும், முடிந்தால் ஒரு மனநல ஆலோசகரிடமும் முதலில் காட்டுங்கள். டிசி வாங்குவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. வேறு பள்ளி என்ற சாதாரண வழியையும் ஒதுக்கிவிடாதீர்கள். சிறிய பள்ளி, வேனில் போகாமல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பள்ளி, சில பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

எல்லாம் பார்த்த பிறகும் வீட்டுப் படிப்புதான் என்று தோன்றினால், உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அடுத்த ஏப்ரல் தேர்வுக்கான என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கை வழக்கமாக மார்ச் நடுவில் ஆரம்பித்து ஜூலை கடைசி வரை நடக்கும். அந்தந்த வருடத் தேதியை அவர்கள் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் சொல்லும் தேதியை நம்ப வேண்டாம். கோடை விடுமுறையில் கணக்குப் புத்தகத்தையும் அறிவியல் புத்தகத்தையும் இறக்கிப் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு புத்தகத்திலும் ஒவ்வொரு பாடம், யாரும் நடத்தக் கூடாது, அவளே படித்துப் பின்னால் இருக்கிற கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதையும் எழுதி வைக்கட்டும். நீங்கள் வேலைக்குப் போகும்போது நினைவூட்டாதீர்கள், மாலையில் வந்து திட்டாதீர்கள். ஜூன் முதல் வாரம் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை, பாதி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, நடுவில் எத்தனை நாள் வெற்று, பிடிக்காத பாடத்தில் எங்கே நின்றுவிட்டாள் என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த விடுமுறை முழுவதும் காலையில் வயிற்றுவலி வந்ததா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் சொல்ல உதவும். நோட்டைப் பார்த்த பிறகு, எடுக்க நினைக்கும் ஐந்து பாடங்களை இங்கேயே எழுதுங்கள். அவளுக்கு என்ன படிக்க ஆசை என்பதையும் அவளிடமே கேட்டு எழுதுங்கள். பாடத் தேர்வு பற்றி என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.